அபயதானம்
(இல்லறத்தார்க்கான தம்ம பாடம்)

தானம் என்றதும் நம்மவர் நினைவிற்கு வருவன சோறும் ஆடையும் பொருளுமே. பௌத்த நூல்கள் இவற்றோடு வேறொரு தானத்தையும் கூறுகின்றன. அஃது அபயதானம், அதாவது, பிற உயிருக்கு அச்சமின்மையை அளித்தல். கொல்லாமையாகிய முதற் சீலத்தைக் காப்பவன் அளவிறந்த உயிர்களுக்கு அச்சமின்மையை வழங்குகிறான் என்று அங்குத்தர நிகாயம் விளக்குகிறது. இத்தானத்திற்குச் செல்வம் வேண்டுவதில்லை; பொறுமையே வேண்டும். எத்துணைப் பொறுமை வேண்டும் என்பதை எமக்குக் கற்பித்தவை இரண்டு நாய்கள்.

எம் இல்லத்தில் மணி என்னும் ஆண் நாய் வளர்ந்து வந்தது. பின்னர், தெருவில் அடிபட்டுக் கிடந்த செம்பி என்னும் பெண் நாயையும் கொண்டுவந்தோம். புண் சில வாரங்களில் ஆறிற்று; அச்சம் ஆறவில்லை. துடைப்பத்தை எடுத்தால் கட்டிலின் கீழே புகும். பாத்திரம் விழுந்தால் வாலை வயிற்றோடு ஒடுக்கி, காதுகளைப் பின்னே மடக்கி நடுங்கும்.

தொடக்கத்தில் யாம் பிழை செய்தோம். அன்பு காட்டுவதாக எண்ணி, கட்டிலின் கீழிருந்து இழுத்து மடியில் வைத்துக்கொண்டோம். அது மேலும் நடுங்கிற்று. ஒருநாள் கையைக் கடிக்கவும் முற்பட்டது. அது நன்றியின்மை அன்று. ஓட வழியில்லாத உயிர் பல்லைக் காட்டும். செம்பியின் தேவையை யாம் எண்ணவில்லை. எம் ஆவலையே எண்ணினோம்.

பிறகு முறையை மாற்றினோம். நாள்தோறும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் உணவு வைத்து விலகினோம். நேரே உற்றுப் பாராமல், பக்கவாட்டில் திரும்பித் தரையில் அமர்ந்திருந்தோம். தானாக அருகில் வந்தாலன்றித் தொடவில்லை. கட்டிலின் கீழிடத்தை அதற்கே உரியதாக விட்டு, அங்கே அதனைத் தொந்தரவு செய்யலாகாது என்று பிள்ளைகளுக்குக் கூறினோம். கடிக்கும் அச்சம் வீட்டாருக்கும் இராதபடி, இரண்டுக்கும் வெறிநோய்த் தடுப்பூசியைத் தவறாமல் போடுவித்தோம்.

ஆயினும் எம்மினும் மிகுதியாகச் செய்தது மணியே. பால்காரர் வந்தால் மணி வாலாட்டிக்கொண்டு முன்னே செல்லும். செம்பி அதன் பின்னே நின்று, மணியின் உடலையே நோக்கும். மணி அமைதியாக நிற்பதைக் கண்டால், மெல்ல ஓரடி எடுத்து வைக்கும். நாய்கள் ஒன்றையொன்று பார்த்துக் கற்கும் இயல்பின. மணி கட்டளையிடவில்லை, இழுக்கவில்லை, உடன் நின்றது. நன்னட்பு தம்ம வாழ்வில் பாதி என்று ஆனந்தர் கூறியபோது, பாதியன்று, முழுமையுமே அதுவென்று பகவர் திருத்தினார். கல்யாணமித்திரன் ஒருவன் உடனிருத்தலின் பயனை எம் முற்றத்திலேயே கண்டோம்.

ஒரு மாலை, மகனின் மதிப்பெண் பட்டியலைக் கண்டு குரலை உயர்த்தினோம். செம்பி ஓடி ஒளிந்தது. மகனும் சுவரோரம் ஒதுங்கி நின்றதை அப்பொழுதுதான் கண்டோம். நாய்க்கு அபயம் அளிப்பதாக மகிழ்ந்திருந்த யாம், பெற்ற பிள்ளைக்கு அதனை அளிக்கவில்லை. அன்று எமக்குற்ற நாணம் இன்றும் நீங்கவில்லை.

"மனிதருக்கே நீதி அரிதாயிருக்கையில் நாய்க்கு இரக்கமா?" என்று அன்பர் சிலர் வினவலாம். வினா நியாயமானதே. விலங்குகளுக்குத் தடையில்லாத நீர் ஒடுக்கப்பட்டோர்க்கு மறுக்கப்பட்டமையால், 1927 மார்ச் 20-இல் மகாடில் பாபாசாகேப் அம்பேத்கர் சவுதார் குளத்தில் இறங்கி நீர் பருகினார். அக்குற்றம் நீர் குடித்த விலங்கினது அன்று; மனிதரை விலங்கினும் தாழ்த்திய சாதியினது. அப்பெருமகனே 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் அளித்த இருபத்திரண்டு உறுதிமொழிகளுள், எல்லா உயிர்களிடத்தும் கருணை கொண்டு அவற்றைக் காத்தலையும் ஒன்றாக வைத்தார். அச்சுறுத்தப்பட்டோர் வழிவந்த நாம் பிறரை அச்சுறுத்தினால், விட்டொழித்த கொடுமையை நம் இல்லத்திற்குள் மீண்டும் குடியேற்றியவராவோம்.

செம்பி முற்றும் தேறிவிடவில்லை. தீபாவளி வெடியோசைக்கு இன்றும் நடுங்குகிறது. சன்னல்களை அடைத்து அருகில் அமர்கிறோம். மணியும் உடன் படுத்துக்கொள்கிறது. மாற்ற இயலாததை வெறுப்பின்றி ஏற்று உடனிருத்தலும் உபேக்கைப் பயிற்சியே.

அன்பர்கள் அடுத்த பௌர்ணமிக் கூட்டத்திற்குள் சிந்தித்துவர வேண்டிய வினாக்கள் மூன்று:

1. நம் காலடியோசை கேட்டு நம் இல்லத்தில் ஒதுங்குவோர் யார்?
2. அவர் ஒதுங்குவதற்கு நம் குரலோ கையோ காரணமாயிற்றா?
3. அஞ்சி நிற்கும் ஒருவர்க்கு இவ்வாரம் நாம் எவ்வாறு உடன் நிற்கலாம்?

நாம் வணங்கும் புத்தர் திருவுருவங்கள் பலவற்றில் வலக்கை உயர்ந்திருக்கிறது. அஃது அடிக்க ஓங்கிய கையன்று. அஞ்சேல் என்னும் அபய முத்திரை. நம் கைகளும் அவ்வாறே ஆகுக.