உயிர் காக்கும் கயிறு

ஒற்றை நூலிழையை நம் விரல்களால் எளிதில் அறுத்துவிடலாம். பல நூறு இழைகள் சேர்ந்து முறுக்கேறினால் அவையே தேரை இழுக்கும் வடமாகின்றன. விசைத்தறியின் ஓசையில் வளரும் பள்ளிபாளையத்து மாணவியராகிய நமக்கு நூலின் அருமையை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அத்தகைய இழைகளால் ஆன கயிறு மலையேறுவோரின் உயிரை எவ்வாறு காக்கிறது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

கயிற்றின் பணி

பாறையேறுபவர் கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே ஏறுகிறார் எனப் பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. அவர் தம் கைகளாலும் கால்களாலுமே ஏறுகிறார். கால் வழுக்கினால் தாங்கிக்கொள்வதற்கே கயிறு இருக்கிறது. கயிற்றின் ஒரு நுனி அவருடைய இடுப்புப் பட்டையில் கட்டப்பட்டிருக்கும். மறுபகுதி துணைவரின் கையில் இருக்கும்.

கயிற்றின் அமைப்பு

முற்காலத்தில் நார்க் கயிறுகளே பயன்பட்டன. பின்னர் நைலான் கயிறு வந்தது. 1953ஆம் ஆண்டில் ஜெர்மனியில் புதுவகைக் கயிறு ஒன்று உருவாக்கப்பட்டது. அதன் உள்ளே நைலான் புரிகள் இருக்கும். வெளியே பின்னல் உறை மூடியிருக்கும். பாரத்தை உள்ளிருக்கும் புரிகள் தாங்க, உராய்விலிருந்து அவற்றை உறை காக்கிறது. இன்றைய ஏறுகயிறு சுமார் 10 மில்லிமீட்டர் தடிமனும், பெரும்பாலும் 60 மீட்டர் நீளமும் உடையது.

இக்கயிற்றின் சிறப்பு அது நீளுவதே ஆகும். கிரிக்கெட் வீரர் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னுக்கு இழுப்பது ஏன் என்று இயக்க விதிகள் பாடத்தில் படிக்கிறோம் அல்லவா? நிற்பதற்கான நேரம் கூடினால் தாக்கும் விசை குறைகிறது. விழுபவரைக் கயிறும் அவ்வாறே நீண்டு, மெல்ல நிறுத்துகிறது. கிணற்றுக் கயிறும், லாரியில் பாரம் கட்டும் கயிறும் இப்பணிக்கென்று செய்யப்பட்டவை அல்ல. அவற்றை நம்பிச் சங்ககிரிப் பாறையிலோ, திருச்செங்கோட்டுப் பாறையிலோ ஏற முயல்வது உயிரோடு விளையாடுவதாகும்.

முடிச்சும் பிடியும்

இடுப்புப் பட்டையில் கட்ட ஏற்றது எட்டு முடிச்சு. முதலில் கயிற்றில் 8 என்ற எண்ணின் வடிவம் அமைக்க வேண்டும். பிறகு நுனியைப் பட்டைக்குள் நுழைத்து, வந்த வழியே திரும்பச் செலுத்தி இறுக்க வேண்டும். எங்கும் இரண்டிரண்டு கோடுகளாகத் தெரிந்தால் முடிச்சு சரி. கண்ணால் பார்த்தே பிழையைக் கண்டுகொள்ளலாம் என்பதே இதன் பெருமை.

கீழே நிற்பவர் தம் பட்டையில் மாட்டிய கருவி வழியே கயிற்றைச் செலுத்தி, உராய்வினால் அதை நிறுத்துகிறார். கயிற்றை அடக்கும் கையை அவர் ஒரு நொடியும் எடுக்கக் கூடாது. ஏறுமுன் இருவரும் ஒருவர் முடிச்சை மற்றவர் சரிபார்க்க வேண்டும். கயிற்றைக் காலால் மிதிக்கவும் கூடாது. மணல் உள்ளே புகுந்து இழைகளை அறுத்துவிடும்.

இரு நிகழ்ச்சிகள்

1865ஆம் ஆண்டு ஜூலை 14ஆம் நாள் ஆல்ப்ஸ் மலைத்தொடரின் மாட்டர்ஹார்ன் சிகரத்தை எழுவர் முதன்முதலாக அடைந்தனர். இறங்கும்போது ஒருவர் வழுக்கினார். அவரோடு மூவர் இழுக்கப்பட்டனர். இடையிலிருந்த கயிறு அறுந்து நால்வரும் மாண்டனர். அறுந்தது, அவர்கள் கொண்டு சென்றவற்றுள் மிக மெலிந்த கயிறு!

1953ஆம் ஆண்டு எவரெஸ்ட் பயணத்தில், ஹிலாரி பனிப்பிளவில் விழுந்தார். அவரோடு கயிற்றால் இணைந்திருந்த டென்சிங், பனிக்கோடரியை ஊன்றிக் கயிற்றை அதில் சுற்றி அவரைக் காத்தார். பின்னர் மே 29ஆம் நாள் இருவரும் சிகரம் ஏறினர்.

முடிவுரை

இக்கலையைக் கற்பிக்க டார்ஜிலிங்கில் 1954இலும், உத்தரகாசியில் 1965இலும் மலையேற்றப் பயிற்சி நிலையங்கள் தோன்றின. உத்தரகாசியில் பயின்ற பச்சேந்திரி பால் 1984இல் எவரெஸ்ட் ஏறிய முதல் இந்தியப் பெண்மணியானார். விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி 2023இல் அச்சிகரத்தை அடைந்தார். ஆகவே நம்மாலும் முடியும், தோழியரே! ஆனால் ஏறும் ஆசைக்கு முன், முறையான ஆசிரியரிடம் முடிச்சுப் போடவும், பிறர் உயிரைத் தாங்கும் கயிற்றைக் கைவிடாது பிடிக்கவும் கற்றுக்கொள்வோமாக!