புகையிலைக்கும் ஒரு பேரேடு

 

கடையடைத்ததும் சிட்டை எழுதாமல் நாம் உறங்குவதில்லை. அதைப் பேரேட்டில் ஏற்றிப் பார்த்தால்தான் லாப நஷ்டம் தெரியும். ஆனால் நாம் விற்கும் ஒரு சரக்குக்கு நம்மிடம் பாதிக் கணக்குத்தான் உண்டு. அதுவே புகையிலை. சிகரெட் விற்ற காசு நம் வரவில் ஏறுகிறது. வாங்கியவர் வீட்டில் நேரும் நோயும் செலவும் எந்த ஏட்டில் ஏறுகின்றன?

அந்த மறுபாதிக் கணக்கை உலக நாடுகள் கூடி எழுதி வருகின்றன. 1999-ஆம் ஆண்டில் உலகப் புகையிலைக் கண்காணிப்பு முறை தொடங்கிற்று. 2003-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை நிறைவேறியது. 2005-இல் மலேசியாவும் அதில் சேர்ந்தது. 2008 முதல் அந்நிறுவனம் நாடுதோறும் நிலைமையை ஆராய்ந்து அறிக்கை வெளியிடுகிறது. இக்கணக்குகள் இணையத்திலும் உள்ளன. கைத்தொலைபேசி உள்ள எவரும் பார்க்கலாம்.

கணக்கு எடுக்கும் விதம் இது. சில வீடுகளைக் குலுக்கல் முறையில் தெரிந்தெடுத்து, வீட்டுக்கு ஒருவரிடம் கேள்வி கேட்கிறார்கள். எல்லா நாடுகளிலும் பெரும்பாலும் அதே கேள்விகள்தாம். ஒரே படியால் அளந்தால்தானே இரு மூட்டைகளை ஒப்பிட முடியும்!

இவ்வேட்டைப் படிக்கும்போது மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, ஆண்டு. நம் நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டோரில் புகைப்போர் 2011-இல் நூற்றுக்கு 23.1, 2019-இல் 21.3. ஒரே ஆண்டின் எண்ணை மட்டும் கண்டால் இந்தச் சரிவு தெரியாது.

இரண்டாவது, சராசரி மறைப்பது. அதே 2011 கணக்கில் ஆண்களில் 43.9 பேர், பெண்களில் 1 பேர். சராசரி 23 என்றாலும், உண்மையில் ஏறக்குறைய பாதி ஆண்கள் புகைத்தனர்.

மூன்றாவது, எதைக் கேட்டார்கள் என்பது. இந்தியாவில் 2016-17-இல் புகைப்போர் 10.7, மெல்லுதல் போன்ற புகையற்ற வகைகளைக் கொள்வோர் 21.4. புகைப்பதை மட்டும் கேட்டிருந்தால் பெரும்பகுதி கணக்கில் வந்தே இராது. தோட்டத்து லயங்களில் வெற்றிலையுடன் புகையிலை மென்ற நம் பாட்டிமார்களை எண்ணிப் பாருங்கள்.

கணக்கிலிருந்தே சட்டமும் பிறக்கிறது. 2011-இல் மலாக்கா மாநகரின் மரபுரிமைப் பகுதி, அலோர் காஜா, ஜாசின் பட்டணங்கள் முதலியவை புகையற்ற இடங்களாக அறிவிக்கப்பட்டன. 2019 முதல் உணவுக்கடைகளில் புகைத்தல் தடுக்கப்பட்டது. 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டப்படி 18 வயது நிரம்பாதவர்க்கு விற்பது குற்றம். அப்பா வாங்கிவரச் சொன்னார் என்று சிறுவன் வந்து நின்றாலும் கொடுக்கலாகாது.

சகோதரர்களே! தேசிய ஃபத்வா குழு 1995-இலேயே புகைத்தலை ஹராம் என அறிவித்துவிட்டது. அப்படியானால் விற்பவர் நிலை என்ன? இதை ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவது நம் கடமை. சிகரெட்டை நிறுத்தினால் வாடிக்கை போய்விடும் என்ற அச்சம் நமக்கும் உண்டு. ஆனால் அந்த அச்சம் எந்தக் கணக்கிலிருந்து வந்தது?

ஆகவே ஒரு மாதத்துக்குத் தனிச் சிட்டை வைப்போம். எத்தனை பெட்டி விற்றது, கைக்கு நின்ற லாபம் எவ்வளவு, சிகரெட்டுக்காக மட்டும் வந்தவர் எத்தனை பேர், சாமானும் வாங்கியவர் எத்தனை பேர் என்று நாள்தோறும் எழுதுவோம். மாதக் கடைசியில் அந்த லாபத்தையும், நம் வாடிக்கைக்காரர்களில் இருமிக்கொண்டு வருவோர் முகங்களையும் ஒருசேர நினைத்துப் பார்ப்போம். விட விரும்புவோர்க்கு அரசாங்கக் கிளினிக்குகளில் உதவி உண்டென்று சொல்லியும் அனுப்புவோம்.

அளவையில் மோசம் செய்வோரைக் கண்டிக்க அல்லாஹ் ஓர் அத்தியாயமே அருளினான். கணக்கில் பாதியை மறைப்பதும் அளவையில் குறைப்பதும் வேறா? முழுக் கணக்கையும் பார்க்கும் துணிவை நம் யாவருக்கும் அவன் தந்தருள்வானாக. ஆமீன்.