ஹாக்கத்தானுக்கு அடி அண்ணாமலையிலிருந்தும் போகலாம்: கணினி அறிவியல் மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

திருவண்ணாமலை மலைக்குப் பின்னால் உள்ள அடி அண்ணாமலைப் பக்கம் கல்லூரிப் பேருந்துக்கு நிற்கும் பி.இ., பி.எஸ்சி., பி.சி.ஏ. பிள்ளைகளிடம் ஹாக்கத்தான், இன்டர்ன்ஷிப் என்று பேச்செடுத்தால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும். ஒன்று, "அதெல்லாம் சென்னைப் பசங்களுக்கு சார்." இன்னொன்று, "லாஸ்ட் டேட் போன வாரமே முடிஞ்சிருச்சு சார்." முதல் பதில் பாதிக்கு மேல் தப்பு. கணினித் துறையில் பல போட்டிகளும் பயிற்சிகளும் இணையத்திலேயே தொடங்குகின்றன. மலைக்குப் பின்னால் இருக்கிறோம் என்பதால் எதுவும் கெட்டுவிடாது. இரண்டாவது பதில்தான் உண்மையான நோய். அதற்கு மருந்து தேட எழுதியதுதான் இந்த வழிகாட்டி.

முதல் படி: வருடத்தை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்

தேதிகள் ஆண்டுக்கு ஆண்டு சில வாரங்கள் முன்பின் நகரும். மாதங்கள் அநேகமாக மாறுவதில்லை. ஜூலையில் என்பிடெல் இணையப் பாடங்களின் புதிய பருவம். ஆகஸ்ட், செப்டம்பரில் மேற்படிப்புக்கான கேட் தேர்வு விண்ணப்பம்; அதே சமயத்தில் ஸ்மார்ட் இந்தியா ஹாக்கத்தானுக்குக் கல்லூரிக்குள் தேர்வு. அக்டோபரில் கட்டற்ற மென்பொருளுக்கான ஹாக்டோபர்ஃபெஸ்ட். அதையொட்டி ஐ.சி.பி.சி. நிரலாக்கப் போட்டியின் இணையச் சுற்று. டிசம்பரில் ஹாக்கத்தான் இறுதிச் சுற்று. ஜனவரியில் மறுபடி என்பிடெல். பிப்ரவரியில் கேட் தேர்வு, கூகுள் சம்மர் ஆஃப் கோட் நிறுவனப் பட்டியல், கல்லூரிகளில் சிம்போசிய சீசன். மார்ச், ஏப்ரலில் கோடை இன்டர்ன்ஷிப் விண்ணப்பங்கள். மே, ஜூனில் அந்த இன்டர்ன்ஷிப் வேலை.

இதில் வில்லங்கம் ஒன்று உண்டு. நவம்பர், டிசம்பர், ஏப்ரல், மே மாதங்களில் செமஸ்டர் தேர்வும் வந்து குறுக்கே நிற்கும். எல்லாவற்றுக்கும் பெயர் கொடுத்துவிட்டு எதையும் முடிக்காமல் அரியர் வைப்பதைவிட, பருவத்துக்கு ஒன்றைப் பிடித்து முடிப்பது மேல்.

இரண்டாம் படி: இனிஷியலைச் சரிசெய்யுங்கள்

சிரிக்காதீர்கள். தமிழ்நாட்டு மாணவர்களின் விண்ணப்பங்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். மதிப்பெண் பட்டியலில் "முருகன் ச", ஆதாரில் "ச. முருகன்", வங்கிக் கணக்கில் "முருகன்", பான் அட்டையில் அப்பா பெயரோடு "முருகன் சண்முகம்". நான்கும் ஒரே ஆள் என்பது நமக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. கேட் தேர்வில் பெயர் அடையாள அட்டையோடு ஒத்துப்போக வேண்டும். வெளிநாட்டிலிருந்து உதவித்தொகை வந்தால் வங்கியும் பான் எண்ணும் ஒரே பெயரைச் சொல்ல வேண்டும். முதலாம் ஆண்டிலேயே இ-சேவை மையத்திலோ ஆதார் மையத்திலோ கேட்டு, எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள். கடைசி நாளில் ஓடினால் நடக்காது.

இதோடு சொந்தப் பெயரில் ஒரு மின்னஞ்சல் முகவரி, ஒரு கிட்ஹப் கணக்கு, ஒரே பக்கத்தில் ரெஸ்யூமே. பள்ளிக்கூடத்தில் விளையாட்டாக வைத்துக்கொண்ட "கிங்" மின்னஞ்சலை நண்பர்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: வீட்டிலிருந்தே தொடங்குங்கள்

2003-ல் ஐ.ஐ.டி.களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யும் சேர்ந்து தொடங்கிய என்பிடெல்தான் நல்ல வாசல். பாடம் கேட்பது முழுக்க இலவசம். சான்றிதழ் வேண்டுமானால் மட்டும் சுமார் ஆயிரம் ரூபாய் கட்டி, மையத்துக்கு நேரில் போய்த் தேர்வு எழுத வேண்டும். தமிழக அரசின் புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் வரும் ஒரு மாதத் தொகை இதற்குச் சரியாக இருக்கும். வாராந்தர அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75 மதிப்பெண். அசைன்மென்ட்டில் பத்தும் தேர்வில் முப்பதும் வாங்கினால்தான் தேர்ச்சி. கடைசி இரவு நண்பனின் விடையைப் பார்த்து எழுதினால் 25 கிடைத்துவிடும்; தேர்வு மையத்தில் அது 75 தராது.

எதில் தொடங்குவது என்று கேட்டால், சென்னை கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்த் நடத்தும் பைத்தான் வழி டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பாடத்தைச் சொல்வேன். எட்டு வாரம்தான், இன்டர்வியூவில் கேட்கப்படும் பாதி விஷயம் அதில் இருக்கிறது. ஆங்கிலம் தடுக்கிறது என்றால் ஐ.ஐ.டி. பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்களைத் தமிழிலேயே கேட்கலாம். மார்ச் 2022-ல் தொடங்கிய தமிழக அரசின் நான் முதல்வன் படிப்புகள் எப்படியும் உங்கள் செமஸ்டருக்குள் வந்துவிடும். அவற்றை வருகைப் பதிவுக்காக மட்டும் உட்கார்ந்து கழிக்காதீர்கள். அந்தத் திட்டத்தின் கீழ் நடக்கும் நிரல் திருவிழா, பரிசோடு போட்டியும் தருகிறது.

நான்காம் படி: சிம்போசியம், அளவோடு

பேப்பர் பிரசென்டேஷன், டெக்னிக்கல் க்விஸ், டீபக்கிங், மதியம் பிரிஞ்சி, மாலையில் சான்றிதழ். தமிழ்நாட்டுக் கல்லூரி சிம்போசியங்களின் வடிவம் இதுதான். இரண்டு, மூன்றுக்குப் போய் மேடை பயத்தைத் தொலைக்கலாம். சான்றிதழ் அடுக்குவதற்காக இருபதுக்குப் போவது ஓ.டி. (ஆன் டியூட்டி) வருகையையும் பணத்தையும் தின்னும் வேலை. பிளேஸ்மென்ட்டில் யாரும் அந்தக் கோப்பைப் புரட்டுவதில்லை.

போவதென்றால் பெரியவற்றுக்குப் போங்கள்: சென்னை ஐ.ஐ.டி.யின் சாஸ்த்ரா, கிண்டி பொறியியல் கல்லூரியின் குருக்ஷேத்ரா, திருச்சி என்.ஐ.டி.யின் பிரக்யான், வேலூர் வி.ஐ.டி.யின் கிராவிட்டாஸ். வேலூர் நமக்கு ஒன்றும் தூரமில்லை; காலையில் கிளம்பினால் ராத்திரி வீடு திரும்பிவிடலாம். ஓ.டி. படிவத்தில் முன்கூட்டியே ஹெச்.ஓ.டி. கையெழுத்தை வாங்கிவிடுங்கள். திரும்பி வந்து கேட்டால் கிடைப்பது கையெழுத்து இல்லை, திட்டு.

ஐந்தாம் படி: ஸ்மார்ட் இந்தியா ஹாக்கத்தான்

இதை விரிவாகவே சொல்ல வேண்டும். 2017-ல் தொடங்கியது, மத்திய கல்வி அமைச்சகமும் ஏ.ஐ.சி.டி.இ.யும் நடத்துகின்றன. அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் தங்களுடைய சிக்கல்களைப் பட்டியலாக வெளியிடும். நீங்கள் ஒன்றை எடுத்துத் தீர்வு சொல்ல வேண்டும். ஒரே கல்லூரியைச் சேர்ந்த ஆறு பேர் ஒரு குழு. துறை வேறாக இருக்கலாம். ஒரு பெண்ணாவது இருந்தாக வேண்டும். இந்த விதிக்காகக் கடைசி நிமிடத்தில் வகுப்பிலுள்ள ஒரு பெண்ணின் பெயரை எழுதிக்கொள்ளும் குழுக்கள் உண்டு. அது அந்தப் பெண்ணுக்கும் குழுவுக்கும் நஷ்டம். பெண் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: யாராவது வந்து கூப்பிடட்டும் என்று காத்திருக்காமல் ஐந்து பேரை நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள், தலைமையும் நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள்.

நீங்களாகத் தளத்தில் போய் நேரடியாக விண்ணப்பிக்க முடியாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. கல்லூரி உள்சுற்று நடத்த வேண்டும். அதில் தேறிய குழுக்களைக் கல்லூரியின் பொறுப்பாசிரியர் தளத்தில் ஏற்ற வேண்டும். அவர் பதிவு செய்யாவிட்டால் உங்கள் யோசனை எவ்வளவு நன்றாக இருந்தாலும் டில்லிக்குத் தெரியாது. மாவட்டக் கல்லூரிகளின் குழுக்கள் திறமைக் குறைவால் விழுவதைவிட, இந்த இடத்தில் கவனிப்பாரின்றி விழுவதே அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

இறுதிச் சுற்றில் மென்பொருள் பிரிவு தொடர்ந்து 36 மணி நேரம் நடக்கும். நம் ஊர்க்காரர்களுக்கு இதில் தனிச் சங்கடம் உண்டு. 2024-ல் மென்பொருள் இறுதிச் சுற்று டிசம்பர் 11, 12. கார்த்திகை தீபம் 13. ஊரே தீபத்துக்காக உள்ளே வரும் நேரத்தில் நீங்கள் பெட்டியோடு வெளியே போக வேண்டியிருக்கும். வீட்டில் முன்பே சொல்லி வையுங்கள்.

யோசனைக்குப் பஞ்சம் என்று சொல்லாதீர்கள். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை வாசலிலேயே கிடக்கிறது. தீபத்தின்போது ஊருக்கு வெளியே ஒவ்வொரு சாலையிலும் தற்காலிகப் பேருந்து நிலையம் போடுகிறார்கள். திண்டிவனம் போகிறவர் எங்கே நிற்க வேண்டும், பெங்களூரு போகிறவர் எங்கே என்று தெரியாமல் வயதானவர்கள் நடந்துகொண்டே இருப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். சேரும் ஊரைத் தட்டினால் நிலையத்தையும் நடை தூரத்தையும் தமிழில், பெரிய எழுத்தில் காட்டும் ஒரே ஒரு பக்கம் போதும். கூட்டத்தில் சிக்னல் திணறும் என்பதால் இணையம் இல்லாமலும் அது திறக்க வேண்டும். இதைச் செய்து முடித்தால் தரவு சேகரிப்பு, வரைபடம், ஆஃப்லைன் சேமிப்பு மூன்றும் கைக்கு வந்துவிடும். கிட்ஹப்பில் இலவசமாக ஏற்றலாம். ஹாக்கத்தானில் தேறாவிட்டாலும் ரெஸ்யூமேயில் இதற்கு ஒரு வரி நிச்சயம்.

ஆறாம் படி: கட்டற்ற மென்பொருள்

கூகுள் சம்மர் ஆஃப் கோட் 2005 முதல் நடக்கிறது. 2022-லிருந்து மாணவர் அல்லாத புதியவர்களும் சேரலாம். 18 வயது நிறைந்திருக்க வேண்டும். ஏதாவது ஒரு கட்டற்ற மென்பொருள் திட்டத்துக்கு வழிகாட்டி ஒருவரின் கீழ் நிரல் எழுத வேண்டும், முடித்தால் உதவித்தொகை. எல்லாமே இணையத்தில்தான். ஆனால் மார்ச்சில் விண்ணப்பம் என்றால் மார்ச்சில் தொடங்குகிறவர்களுக்குக் கிடைக்காது. அக்டோபரிலேயே ஒரு திட்டத்தைத் தேர்ந்து, எழுத்துப்பிழை திருத்துவது, சின்னப் பிழை சரிசெய்வது என்று உள்ளே போய் முகம் தெரிந்தவராகிவிட வேண்டும். ஹாக்டோபர்ஃபெஸ்ட் அதற்குத் தோதான சாக்கு.

தனியாகச் செய்யத் தயக்கமா? ரயிலேறினால் வரும் விழுப்புரத்தில் வி.கிளக் என்ற லினக்ஸ் பயனர் குழு கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருள் சொல்லித்தருகிறது. சென்னையில் லினக்ஸ் பயனர் குழுவும் சென்னைபை பைத்தான் குழுவும் மாதந்தோறும் கூடுகின்றன. நுழைவுக் கட்டணம் கிடையாது, வேலையில் இருப்பவர்களோடு நேருக்கு நேர் பேசலாம். கணியம் தளத்தில் லினக்ஸ், பைத்தான், டேட்டாபேஸ் எல்லாம் தமிழிலேயே கிடைக்கின்றன.

நமக்கென்று இன்னொரு வாய்ப்பு கணித்தமிழ். உத்தமம் அமைப்பு நடத்தும் தமிழ் இணைய மாநாடுகளில் மாணவர்களும் கட்டுரை அனுப்பலாம். பிப்ரவரி 2024-ல் சென்னையில் அரசு நடத்திய கணித்தமிழ் மாநாட்டோடு ஹாக்கத்தானும் நடந்தது. தமிழுக்குச் சொற்பிழை திருத்தி, பேச்சு உணர்தல், எழுத்துணரி எல்லாம் இன்னும் எவ்வளவோ சரியாக வேண்டியிருக்கிறது. போட்டியாளர் குறைவு, தேவை அதிகம்.

ஏழாம் படி: மேற்படிப்பு

கேட் எழுத பி.இ. படித்திருக்க வேண்டியதில்லை. மூன்றாம் ஆண்டு பி.எஸ்சி., பி.சி.ஏ. மாணவரும் எழுதலாம். கணினிக்கான தாளோடு 2024 முதல் தரவு அறிவியல், செயற்கை நுண்ணறிவுக்குத் தனித் தாளும் உண்டு. மதிப்பெண் மூன்று ஆண்டுகள் செல்லும். எம்.சி.ஏ.வுக்கு அண்ணா பல்கலைக்கழகத்தின் டான்செட், என்.ஐ.டி.களுக்கு நிம்செட். சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் கழகத்தின் எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வை நம் பக்கத்தில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள் என்று தெரியவில்லை. கணக்கில் ஆர்வமுள்ளவர் அதைக் கட்டாயம் எழுத வேண்டும்.

எட்டாம் படி: இன்டர்ன்ஷிப்பில் பணம் கேட்டால் எழுந்துவிடுங்கள்

வாட்ஸ்அப்பில் வரும்: "உங்கள் ரெஸ்யூமே தேர்வாகிவிட்டது. பதிவுக் கட்டணம் கட்டினால் ஆஃபர் லெட்டர்." நேர்காணல் இல்லை, வேலை இல்லை, மாதக் கடைசியில் சான்றிதழ் மட்டும் வரும். இன்பிளான்ட் டிரெயினிங் என்ற பெயரில் மொத்த வகுப்பையும் பேருந்தில் அள்ளிப்போய் ஒரு ஹாலில் உட்கார வைத்து அனுப்புவதும் இதே ரகம்தான். விதி ஒன்றே: வேலை வாங்குகிறவர் பணம் தர வேண்டும், குறைந்தபட்சம் பணம் கேட்கக் கூடாது. ஏ.ஐ.சி.டி.இ.யின் இன்டர்ன்ஷிப் தளம், சென்னை ஐ.ஐ.டி.யின் கோடைக்கால ஃபெல்லோஷிப், ஐ.ஐ.டி. பம்பாயின் கட்டற்ற மென்பொருள் திட்டமான ஃபாஸீ, மூன்று தேசிய அறிவியல் கழகங்கள் சேர்ந்து தரும் இரண்டு மாத ஆய்வு வாய்ப்பு என்று நேர்மையான கதவுகள் இருக்கும்போது கட்டணக் கதவைத் தட்டுவானேன்?

ஒன்பதாம் படி: பௌர்ணமியைப் பார்த்து நாள் குறியுங்கள்

மே 2024-ல் சென்னை கடற்கரை மின்ரயிலைத் திருவண்ணாமலை வரை நீட்டித்தார்கள். அதிகாலையில் ஏறினால் முற்பகலில் சென்னை. பேருந்தைவிடச் செலவும் குறைவு. பத்து மணிக்கு ஐ.ஐ.டி.யில் பதிவு என்றால் மட்டும் முந்தின நாளே போய்விடுங்கள். கிரிவலக் கூட்டம் சேரும் பௌர்ணமி அன்று இணையத் தேர்வோ ஆன்லைன் போட்டியோ வந்தால் வீட்டு செல்போன் சிக்னலை நம்பாமல், கல்லூரி லேபிலோ வேறு ஊர் உறவினர் வீட்டிலோ உட்காருவது பத்திரம்.

நாளை கல்லூரிக்குப் போனதும் என்பிடெல் பொறுப்பாசிரியர் யார், ஸ்மார்ட் இந்தியா ஹாக்கத்தான் பொறுப்பாசிரியர் யார் என்று விசாரித்து இருவர் எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். அப்படி யாரும் இல்லை என்று பதில் வந்தால், நியமிக்கச் சொல்லி ஆறு பேர் கையெழுத்துப் போட்டுத் துறைத் தலைவரிடம் ஒரு கடிதம் கொடுங்கள்.