புலிக்குட்டியின் வேட்டைப் பாடம்

குளிர்நாடுகளில் பனிக்காலம் வந்தால் சில அப்பாக்கள் பிள்ளைகளை மான் வேட்டைக்கு அழைத்துப் போவார்கள். புலிகளிடம் அந்தப் பாடம் அம்மாவுடையது. சுமார் 6 மாதத்தில் குட்டிகள் தாயைப் பின்தொடரும். பிரிவது ஏறத்தாழ 2 வயதில். பதுங்கி நெருங்கி, காட்டுப்பன்றியின் தொண்டையைக் கவ்வ அத்தனை காலப் பயிற்சி வேண்டும்.

பூன் லேக்கு வடக்கே சுவா சூ காங்கில் 1930இல் சுடப்பட்டதே சிங்கப்பூரின் கடைசிக் காட்டுப்புலி எனக் கருதப்படுகிறது. வேட்டை விலங்கு போனது, இரை தங்கிவிட்டது. பன்றி ஓர் ஈற்றில் நான்கைந்து குட்டிகள் போடும். இப்போது அவற்றைப் பிடிக்க மலைப்பாம்புதான் மிச்சம். அதுவும் பெரும்பாலும் குட்டிகளையே விழுங்கும். பன்றிகள் அளவுக்குமீறிப் பெருகினால் மண்ணைக் கிளறி மரக்கன்றுகளை அழித்துவிடும். பாவமென்று நாம் வீசும் ரொட்டி அந்தப் பெருக்கத்துக்கு உரம். முதல் முறை பிடிபட்டாலே அபராதம் 5,000 வெள்ளி வரை.