வான்வழி காப்போர் பற்றாக்குறை: வேரும் விளைவும்

வானூர்தியில் செல்வோர் அதனை ஓட்டும் வானோடியை அறிவர். ஆனால் நிலத்தில் ரேடார் திரையின் முன் அமர்ந்து, ஊர்திக்கும் ஊர்திக்கும் இடையே உரிய தொலைவு குறையாமற் காக்கும் வான்வழிப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரை அறிந்தோர் சிலரே. அமெரிக்க ஐக்கிய நாட்டில் இவர்களுக்கு நெடுங்காலமாகப் பற்றாக்குறை நிலவுகிறது. அந்நாட்டுப் போக்குவரத்துத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2023 ஜூனில் வெளியிட்ட அறிக்கையின்படி, இன்றியமையாத 26 நிலையங்களுள் 20 நிலையங்கள், 85 விழுக்காடு என்னும் வரம்பினும் குறைந்த பணியாளரோடு இயங்கின. நியூயார்க் அணுகுமுகக் கட்டுப்பாட்டு நிலையத்தில் 54 விழுக்காட்டினரே இருந்தனர். செல்வம் மிக்க நாட்டில் இந்நிலை நேர்ந்தது எவ்வாறு என்பதே நம் வினா.

இதன் ஆணிவேரை 1981ஆம் ஆண்டில் காண்கிறோம். ஊதிய உயர்வும் குறைந்த பணிநேரமும் வேண்டி, அவ்வாண்டு ஆகஸ்டு 3ஆம் நாள் ஏறத்தாழ 13,000 கட்டுப்பாட்டாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். கூட்டரசுப் பணியாளர் வேலைநிறுத்தம் செய்வதைச் சட்டம் தடுத்திருந்தது. 48 மணி நேரத்திற்குள் திரும்புக என ஆணையிட்ட குடியரசுத் தலைவர் ரேகன், திரும்பாத 11,000க்கும் மேற்பட்டோரைப் பணிநீக்கம் செய்தார். அவர்கள் மீண்டும் அப்பணியிற் சேர்வதற்கிருந்த தடை 1993இல்தான் நீங்கியது. சட்டத்தின் பக்கம் நின்று நோக்குவார்க்கு அவ்வாணை சரியெனத் தோன்றலாம். ஆயினும் அதன் விலை பின்னரே தெரிந்தது. வெற்றிடத்தை நிரப்பப் பெருந்திரளாகச் சேர்க்கப்பட்ட இளைஞர்கள் ஏறத்தாழ ஒரே வயதினர். ஆகவே, இருபத்தைந்து ஆண்டுகள் கழிந்ததும் அவர்கள் ஒருசேர ஓய்வுபெறத் தொடங்கினர். ஒரே பருவத்தில் நட்ட தோப்பு ஒரே பருவத்தில் பட்டுப்போவது போன்றது இது.

அவ்விடங்களை உடனே நிரப்ப இயலாமையே அடுத்த இடர். இப்பணியிற் புதிதாகச் சேர்வோர் பொதுவாக 31 வயதுக்கு உட்பட்டோராதல் வேண்டும். 56 வயதில் விலகியாக வேண்டும். ஓக்லஹோமா நகரப் பயிற்சிக் கழகத்தில் தேறாதோர் பலர். தேறியவரும் தமக்குரிய நிலையத்தில் மேலும் பயின்ற பின்னரே முழுத்தகுதி பெறுவர். இதற்கு ஈராண்டு, மூவாண்டு ஆவதுண்டு. அத்தகுதியும் அந்நிலையத்திற்கே உரியது. வேறு நிலையத்திற்கு மாற்றப்பட்டவர் அவ்விடத்து வான்பரப்பைப் புதிதாகக் கற்றாக வேண்டும். பணியமர்த்தல் ஆணை ஒருநாளில் பிறக்கும். தேர்ந்த ஆள் அவ்வாறு பிறப்பதில்லை என்பதை ஆசிரியராகிய நாம் நன்கறிவோம்.

இத்தகைய நீண்ட பயிற்சி இடையறாது நடைபெறல் வேண்டும். ஆனால் 2013இல் வரவுசெலவுத் திட்டக் குறைப்பால் ஆட்சேர்ப்பு நின்றது. பயிற்சிக் கழகமும் மூடப்பட்டது. 2018 டிசம்பர் முதல் 2019 ஜனவரி வரை அரசுப் பணிகள் 35 நாள் முடங்கியபோது கழகம் மீண்டும் மூடப்பட்டது. கட்டுப்பாட்டாளர்கள் ஊதியமின்றி உழைத்தனர். 2020இல் கொரோனா பெருந்தொற்றும் சில மாதங்கள் கழகத்தை மூடச் செய்தது. சில மாதத் தடை எனினும், அதன் குறை சில ஆண்டுகள் கழித்தே கோபுரங்களில் வெளிப்படும். தடையை விதித்தவர் அப்போது பொறுப்பில் இருப்பதுமில்லை.

ஆள் குறையக் குறைய, எஞ்சியோர் நாளுக்குப் பத்து மணி நேரம், வாரத்திற்கு ஆறு நாள் எனக் கட்டாய மிகைநேரப் பணி புரிகின்றனர். களைப்புற்றோர் விலகுவதால் குறை மேலும் பெருகுகிறது. 2025 அக்டோபர், நவம்பர் மாதங்களில் அரசு 43 நாள் முடங்கியபோது, கட்டுப்பாட்டாளர் பலர் பணிக்கு வாராமையால், 40 விமான நிலையங்களில் பயணங்களைக் குறைக்கும்படி அரசே ஆணையிட நேர்ந்தது.

பயிற்சிக் கழகத்தின் கொள்ளளவிற்கு ஏற்ப இயன்ற மட்டும் ஆள் சேர்க்க வேண்டும் என 2024ஆம் ஆண்டுச் சட்டம் விதித்துள்ளது. தெரிந்தெடுத்த சில கல்லூரிகளும் கழகப் பாடத்தையே கற்பித்து, மாணவரை நேரே நிலையங்களுக்கு அனுப்பும் ஏற்பாடு அவ்வாண்டிலேயே தொடங்கியது. அவ்வாறு செல்லும் மாணவரும் தம் நிலையத்தில் பயின்று தகுதி பெற்ற பின்னரே திரையின் முன் தனித்து அமர்வர்.