எந்த எழுத்து, எந்தப் பதிப்பு? இளம் வடிவமைப்பாளருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

பனிமய மாதா திருவிழா நோட்டீஸை சிவகாசி அச்சகத்துக்கு அனுப்பினாய், அங்கே கோப்பு திறக்கவே இல்லை என்று எழுதியிருந்தாய். ஜூலை 26 கொடியேற்றம். அதற்குள் நோட்டீஸ் கைக்கு வந்தாக வேண்டும். அவர்களிடம் பழைய கோரல் டிரா, உன்னிடம் புதியது. "நான் எந்தப் பதிப்பை வைத்துக்கொள்வது அண்ணா?" என்று கேட்கிறாய். உன் கணினிக்கும் கைக்கும் ஒத்துவருவதை வைத்துக்கொள். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

முதலில் அவசர வேலையை முடித்துவிடுவோம். பழைய பதிப்பில் செய்தது பெரும்பாலும் புதியதில் திறக்கும். புதியதில் செய்தது பழையதில் திறக்காது. கோரல் டிராவின் 'சேவ் ஆஸ்' பெட்டியிலேயே பதிப்பைத் தேர்ந்தெடுக்க இடம் உண்டு. பதிப்பை இறக்கிச் சேமித்ததும் அந்த நகலை மூடித் திறந்து பார். நிழல், ஒளி ஊடுருவும் இடங்கள், புதிய பதிப்பில் மட்டும் உள்ள எஃபெக்ட்கள் இவைதான் முதலில் கெடும். மூலக் கோப்பின் மேலேயே சேமித்துவிடாதே. இன்டிசைன் என்றால் ஐடிஎம்எல் ஆக எடுத்துக் கொடு. 2008இல் வந்த சிஎஸ்4 முதல் எல்லாப் பதிப்பும் அதைத் திறக்கும். துறைமுகப் பக்கத்துப் பட்டறைகளில் ஆட்டோகேடு வைத்திருப்பவர்களுக்கும் இதே பாடுதான்: 2018 வடிவத்தில் சேமித்த டிடபிள்யூஜி கோப்பு அதற்கு முந்தைய பதிப்புகளில் திறக்காது. ஆகவே வேலையை ஒத்துக்கொள்ளும்போதே, தாள் என்ன, எத்தனை கலர் என்று கேட்கிற அதே மூச்சில் "உங்களிடம் என்ன வெர்ஷன்?" என்றும் கேட்டுவிடு.

இதெல்லாம் எந்த மொழியில் வேலை செய்கிறவருக்கும் உள்ளதுதான். நமக்கு இதற்கு மேலே எழுத்துரு என்று ஒன்று இருக்கிறது.

பாமினியில் அடித்த கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து பார். 'தமிழ்' என்ற சொல் இருந்த இடத்தில் ஆங்கிலத்தின் ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி, இவ்வளவுதான் இருக்கும். கோப்புக்குள் தமிழ் இருந்ததே இல்லை. ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவம் போர்த்தியிருந்தது, அவ்வளவுதான். பாமினிக்கு ஒரு வரிசை, டாம், டாப் இரண்டுக்கும் வேறு வரிசை, கடையில் விற்ற ஒவ்வொரு தொகுப்புக்கும் தனி வரிசை. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி டாமும் டாபும் அரசுத் தரமாயின. 2010 ஜூனில் அரசு யூனிகோடுக்கு மாறியது. அச்சகங்கள் அத்தனை வேகமாக மாறவில்லை. அதை நீ பிடிவாதம் என்று எண்ணிவிடக் கூடாது. 'கொற்கை' என்று யூனிகோடில் அடித்துப் பழைய கோரலில் ஒட்டிப் பார். ககரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும். தமிழின் முன்பின் வரிசையைத் தானாக ஒழுங்குபடுத்தும் வசதி கோரலுக்கு 2012இல் எக்ஸ்6 பதிப்பில்தான் வந்தது. இன்டிசைனில் இன்றைக்கும் 'வேர்ல்ட் ரெடி கம்போசர்' என்பதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் எழுத்து உடையும். பாமினியில் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே அடிப்பதால் எந்தப் பழைய பதிப்பிலும் அது உடையாமல் நிற்கும். அந்தக் காரணத்தால்தான் அச்சகத்தார் அதை விடவில்லை.

நம் கரைக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. 1554இல் லிஸ்பனில் ஒரு தமிழ் மறைக்கல்வி நூல் அச்சானது. தமிழ் அச்செழுத்து கிடையாது, ஆகவே தமிழை ரோமன் எழுத்தில் கோத்தார்கள். எழுத்துரு இல்லாத கணினியில் உன் நோட்டீஸ் ரோமன் எழுத்தாகத் தெரிவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நூல் ஞாபகம் வரும். பிறகு இந்த முத்துக்குளித்துறையில், தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயலில் இருந்து பணி செய்த அண்ட்ரிக் அடிகளாரின் மொழிபெயர்ப்பு, தமிழ் எழுத்திலேயே அச்சேறியது. அதுதான் 1578இல் கொல்லத்தில் வந்த தம்பிரான் வணக்கம், மொத்தம் 16 பக்கம். அதன் பிரதி இப்போது ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அதன் கடைசிப் பக்கத்தின் படம் கிடைத்தால் நிதானமாகப் பார். 1577இல் கோவாவில் செய்த எழுத்து எது, 1578இல் கொல்லத்தில் செய்த எழுத்து எது என்று ஊரும் ஆண்டும் போட்டு இரண்டையும் அச்சிட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

நானூறு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து அந்த எழுத்துகளைப் பிரித்து அறிய முடிகிறது என்றால், அந்தக் குறிப்பு அங்கே இருப்பதால்தான். நம் கோப்புகளில் எத்தனைக்கு அப்படி ஒன்று இருக்கிறது? கோப்பின் பெயர் 'ஃபைனல்', அடுத்தது 'ஃபைனல் புதுசு'. எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, எந்த எழுத்துரு, அது எந்தக் குறியீடு என்று ஒரு வரி இல்லை. அந்த ஒரு வரியை இன்றைக்கே பழகிக்கொள். கோப்புறைக்குள் ஒரு சின்ன உரைக் கோப்பு போதும்.

இனி கர்வ் விஷயம். அச்சகத்துக்குப் போகும் நகலில் எல்லா எழுத்தையும் கர்வ் போட்டு, அதாவது கோட்டு உருவமாக மாற்றி அனுப்பு, அல்லது எழுத்துரு உள்ளே பதிந்த பிடிஎஃப்/எக்ஸ் கொடு. இரண்டும் நல்ல வழிதான். கர்வ் போட்ட பிறகு அங்கே இருப்பது எழுத்தின் உருவம் மட்டும். பிழை திருத்த முடியாது, தேட முடியாது, அடுத்த ஆண்டு தேதியை மாற்ற முடியாது. கர்வ் நகலை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழித்துவிடும் வழக்கம் நம் தொழிலில் இருக்கிறது, அதைப் பார்க்கும்போது எனக்கு மனசு பொறுக்காது. நீ மூன்றை வைத்துக்கொள்: எழுத்து எழுத்தாகவே இருக்கும் மூலம், அனுப்பிய நகல், வடிவமைப்பு எதுவும் இல்லாத யூனிகோடு உரை. மூன்றாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். பிடிஎஃப் இருக்கிறதே என்று நம்பாதே; பாமினி எழுத்துருவில் செய்த பிடிஎஃபிலிருந்து நகலெடுத்தால் அந்த ஆங்கில எழுத்துகள்தான் வரும்.

உன் கடையில் பழைய ஹார்டு டிஸ்க் ஒன்று கிடக்கிறது என்றாயே, அதைத் தூக்கிப் போட விடாதே. அதில் பேஜ்மேக்கர் கோப்புகள் இருக்கும். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 7.0, 2001இல் வந்தது. அந்தக் கோப்புகளை நேராகத் திறந்த கடைசி இன்டிசைன் சிஎஸ்6. இப்போது விலையில்லாத லிப்ரே ஆபிஸ் டிராவில் திறந்து பார். 2015இல் வந்த 4.4 பதிப்பிலிருந்து பேஜ்மேக்கர் கோப்புகளை அது படிக்கும். பக்க அமைப்பு கலையலாம், உரை வந்துவிடும். அந்த உரையை என்எச்எம் கன்வெர்ட்டரில் போட்டு யூனிகோடாக்கு. மேற்கோள் குறி, டேஷ், சில உகர ஊகார எழுத்துகள் இவற்றை ஒவ்வொன்றாகச் சரிபார். மாற்றத்தில் தவறுவது அங்கேதான். எழுத்துரு டைப் 1 வகை என்றால் இன்னும் அவசரம், ஏனென்றால் அடோபி 2023 ஜனவரியோடு அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டது.

எல்லாவற்றையும் காப்பாற்ற நேரம் கிடைக்காது. கல்யாணப் பத்திரிகைகளையும் மக்ரூன் பெட்டிகளையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பங்குக் கோயில் மலர்கள், பள்ளி ஆண்டு மலர்கள், மீனவர் சங்க அறிக்கைகள், கண்ணீர் அஞ்சலி போஸ்டர்கள் இவற்றை முதலில் எடு. இந்தக் கரையில் வாழ்ந்தவர்களின் பெயரும் தேதியும் வேறெங்கும் எழுதப்படாமல் அவற்றில் மட்டும் கிடக்கின்றன.

சிவகாசிக்கு இன்றிரவே பிடிஎஃப் போய்விடட்டும். ஹார்டு டிஸ்கில் எந்தக் கோப்பு திறக்க மறுத்தாலும் எனக்கு அனுப்பு. அனுப்பும்போது எழுத்துருவின் பெயரையும் எழுது.

அன்புடன்,
உன் அண்ணன்