20 நாட் காற்றில் தனியாக



தம்பி, ஆப்டிமிஸ்ட் என்ற சிறுவர் பாய்ப்படகை விட்டு லேசருக்கு மாறிவிட்டாய் என்று கேள்விப்பட்டேன். 2019-இல் அதன் பெயரை இல்கா என்று மாற்றினார்கள்; எங்கள் வாயில் இன்னும் லேசர்தான் வருகிறது. கிட்டத்தட்ட நாலேகால் மீட்டர் நீளம், அறுபது கிலோவுக்குச் சற்றுக் குறைந்த படகுடல், ஒரே பாய், ஒரே ஆள். சென்னை நேத்ரா குமணனும் வேலூர் விஷ்ணு சரவணனும் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்குகளில் ஓட்டியது இந்த வகைப் படகைத்தான். காற்று ஏறினால் என்ன செய்வது என்று கேட்டிருந்தாய்.

முதலில் கணக்கு. காற்று 10 நாட் வேகத்திலிருந்து 20 நாட் வேகத்துக்கு ஏறினால் பாயில் விழும் விசை நான்கு மடங்காகும். உன் எடை அதே எடைதான். ஆகவே வெளியே தொங்கியே சமாளித்துவிடலாம் என்ற நினைப்பைக் கரையிலேயே விட்டுவிடு. அதே படகில் 4.7 என்ற சிறிய பாயை மாட்டலாம். உன் வயதில் அதை மாட்டக் கூச்சப்படுவது வெறும் வீம்பு. பிறகு வாங், கன்னிங்ஹாம், அவுட்ஹால் என்ற மூன்று கயிறுகளையும் விறைக்க இழுத்துப் பாயைத் தட்டையாக்கு. பாயின் அடிக்கட்டையான பூமைக் கீழே இழுத்துப் பிடிக்கும் வாங்தான் முக்கியம். அது தளர்ந்திருந்தால், பாயை இழுக்கும் கயிறான ஷீட்டை விடும்போது பூம் வெளியே போகாமல் மேலே எழும். பாய் வயிறு பெருத்துப் படகைச் சாய்க்கும். இறுகியிருந்தால் பூம் பக்கவாட்டில் நகரும், பாய்மரம் வளையும், காற்று வழிந்துபோகும்.

காற்று வீச்சு வருவதைத் தண்ணீரே காட்டிக்கொடுத்துவிடும். காற்று வரும் பக்கம் பார்: சின்னச் சின்னச் சுருக்கங்களோடு ஒரு கறுத்த திட்டு உன்னை நோக்கி நகர்ந்து வரும். பல பிள்ளைகள் பாயையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்து இதைத் தவறவிடுகிறார்கள். திட்டு படகைத் தொட ஒரு நொடி இருக்கும்போதே உடம்பை வெளியே நீட்டி, ஒரு முழம் ஷீட்டை விடு. படகு சாயாமல் முன்னால் பாயும். பாய்ந்ததும் விட்டதை இழுத்துக்கொள். சாய்ந்த பிறகு விட்டால் பிந்திவிட்டாய். சாய்ந்த படகு தானாகக் காற்றுப் பக்கம் திரும்பப் பார்க்கும். நீ சுக்கான் பிடியான டில்லரோடு மல்லுக்கட்ட, சுக்கான் பிரேக் மாதிரி பிடித்து இழுக்கும்.

காற்றோடு போகத் திரும்புமுன் வாங்கைக் கொஞ்சம் தளர்த்து. மறந்தால் பூமின் நுனி தண்ணீரில் இடறும். அதன்பின் ஷீட்டை விட்டும் பயனில்லை, கவிழ்வாய். நடுவில் செருகும் பலகையான டேகர்போர்டை முழுக்கத் தூக்கிவிடாதே, படகு இரண்டு பக்கமும் உருள ஆரம்பிக்கும். ஜைப் அடிப்பதென்றால், அதாவது பின்காற்றில் பாயை மறுபக்கம் மாற்றுவதென்றால், அலையில் சறுக்கி வேகம் உச்சத்தில் இருக்கும்போது அடி. அப்போதுதான் பாயில் படும் காற்று குறைவு. பயந்தவர்கள் வேகம் குறையட்டும் என்று காத்திருந்து, பூமிடம் அடி வாங்குவார்கள். மனம் ஒப்பவில்லையா, ஜைப்பே வேண்டாம். காற்றை எதிர்த்துத் திரும்பும் டேக் அடித்துச் சுற்றி வா. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.

எப்படியும் ஒருநாள் கவிழ்வாய். ஷீட்டைப் பிடித்தபடியே விழு. கைவிட்ட படகை அந்தக் காற்றில் நீந்திப் பிடிக்க முடியாது. நிமிர்த்துமுன் ஷீட் எங்கும் சிக்காமல் ஓடுகிறதா என்று பார். மரம் காற்று வரும் பக்கம் கிடந்தால் அவசரப்படாதே. நிமிர்ந்த கணமே பாயில் காற்று புகுந்து உன் மேலேயே கவிழ்த்துவிடும். முன்னணியத்தைப் பிடித்துக்கொண்டு சும்மா மித. உன் உடம்பின் இழுவையில் படகு மெல்லக் காற்றைப் பார்த்துத் திரும்பும். அப்புறம் டேகர்போர்டில் ஏறு.

ஜூன், ஜூலை காலைகளில் நம் கிழக்குக் கரையில் மேல்காற்று அடிக்கும். கரையில் நின்று பார்த்தால் கடல் தட்டையாகத் தெரியும்; அலை எழுப்ப அந்தக் காற்றுக்கு இன்னும் தூரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். உள்ளே போவது சுகம், வருவது முழுக்க எதிர்க்காற்று. மீட்புப் படகு இல்லாமல் அப்போது இறங்கவே இறங்காதே. மதியம் கடற்காற்று திரும்பும்வரை, மரத்தைப் படகோடு கட்டும் கயிறு தேய்ந்திருக்கிறதா என்று பார்த்து மாற்று. படகு தலைகீழானால் மரம் கழன்று விழாமல் பிடித்திருப்பது அந்தக் கயிறுதான்.